கைக்காசு போடாமல் பிஎச்டி: மின்சாரம், தண்ணீர், துறைமுகம் காக்கும் கண்ட்ரோல் ஆராய்ச்சிக்கு டர்பனிலிருந்து போகும் வழி

2021 ஜூலையில் டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர்கள் நகராமல் நின்றதை இங்கே இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துறைமுகங்களை நடத்துகிற அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள், முனைய வேலையை நடத்துகிற மென்பொருள் முடங்கியது, டர்பன், எங்குரா, போர்ட் எலிசபெத், கேப்டவுன் எல்லா இடத்திலும் ஆட்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜோஹனஸ்பர்க்கில் நகர மின்விநியோக நிறுவனமான சிட்டி பவரின் கணினிகளை, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் நிரல் பூட்டியபோது ப்ரீபெய்ட் மீட்டர் வைத்திருந்தவர்களால் கரண்ட் வாங்க முடியவில்லை. இரண்டிலும் அடிபட்டது அலுவலகப் பக்கத்துக் கணினிகள்தான். அடுத்த அடி நேராகப் பம்புக்கும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்கும் கிரேனுக்கும் விழுந்தால் என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் தேவைப்படுகிறார்கள், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இன்ஜினியரிங் படித்துவிட்டு நிற்கிற நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி "எந்த ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணணும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை அங்கிருந்து தொடங்கக் கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்தத் துறையில் பணம் பெரும்பாலும் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தத் திட்டம் ஒரு பேராசிரியரிடம் இருக்கிறது, அவர் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார். ஆகவே கேள்வியைப் பிடியுங்கள், அதற்கப்புறம் அந்தக் கேள்வி வைத்திருக்கிற ஆளைப் பிடியுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தத் துறையில் வீட்டுக் காசில் முழுநேர பிஎச்டி செய்ய வேண்டிய அவசியமே கிடையாது. நிதி இல்லாத இடம் கிடைத்தால் அடுத்த வருடம் வரை காத்திருங்கள், அப்பாவின் ஓய்வூதியப் பணத்தைத் தொடாதீர்கள்.

முதலில், இது என்ன படிப்பு?

சாதாரண சைபர் செக்யூரிட்டி, கணினிக்குள் யாரும் வரக்கூடாது என்று காவல் காக்கிறது. இயந்திரங்களை அளந்து பார்த்து இயக்குகிற கண்ட்ரோல் அமைப்புகளைக் காக்கும் இந்தத் துறை அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறது: வந்துவிட்டான், சென்சார் சொல்கிற எண்ணை மாற்றிவிட்டான், இப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டி வழியாமல், அந்த மின்வலை விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? விடையில் பாதி கணினியில் இருக்கிறது, மீதிப் பாதி இயற்பியலிலும் கணிதத்திலும் இருக்கிறது. தண்ணீர் மட்டம் ஒரு வேகத்துக்கு மேல் ஏற முடியாது, ஜெனரேட்டரின் சுழற்சி நொடியில் பாதியாக முடியாது. எண்கள் அப்படிச் சொன்னால் எண்கள் பொய் சொல்கின்றன. அந்தப் பொய்யைப் பிடிப்பதுதான் வேலை.

நடந்த கதைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நேர்முகத்தில் கட்டாயம் உதவும். 2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சியில், வேலை மறுக்கப்பட்ட ஒருவர் ரேடியோ வழியாகக் கழிவுநீர்ப் பம்புகளுக்குக் கட்டளை அனுப்பி, சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலக்கவிட்டார். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்களைக் கெடுத்துக்கொண்டே, முன்னால் பதிவு செய்த நல்ல எண்களைத் திரும்பத் திரும்பக் கண்காணிப்புப் பக்கத்துக்கு ஓட்டிக் காட்டியது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் பிரேக்கர்களைத் தூரத்திலிருந்து திறந்துவிட்டார்கள், ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது, ஊழியர்கள் துணைமின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் மாற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2017-இல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கண்ட்ரோலர்களையே குறிவைத்தார்கள். ஆலை வெடிக்காமல் கடைசியாகக் காக்கிற கருவி அது. டர்பனின் மீர்பேங்கில் ரீஃபைனரிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு ஆராய்ச்சி யோசனைகளையும் புரிந்துகொள்ளுங்கள், மற்றவை அதிலிருந்து கிளை பிரியும். ஒன்று, பொய்த் தரவு ஊடுருவல். மின்வலையின் கட்டுப்பாட்டு அறை பல இடங்களின் அளவீடுகளை வாங்கி, வலையின் நிலை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் இடைவெளி பெரிதானால் எச்சரிக்கை வரும். எதிரிக்கு வலையின் மாதிரி தெரிந்திருந்தால், பல அளவீடுகளை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றி, அந்த இடைவெளி துளியும் கூடாமலே நிலையைத் தப்பாகக் காட்டலாம் என்று 2009-இல் மூன்று ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். இன்று வரை வருகிற எத்தனையோ கட்டுரைகளுக்கு அதுதான் தொடக்கம். இன்னொன்று, ஸ்டக்ஸ்நெட் செய்ததைப் போல் பழைய எண்களைத் திரும்ப ஓட்டும் தாக்குதல். அதைப் பிடிக்க, கட்டளையோடு ஒரு சின்ன, யாரும் ஊகிக்க முடியாத அசைவைக் கலந்து அனுப்புகிறார்கள். அளவீட்டில் அந்த அசைவின் சாயல் திரும்பி வரவில்லை என்றால் வருவது பதிவு செய்த எண்கள். கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறாரா அல்லது ரேடியோ மட்டும் பாடுகிறதா என்று பார்ப்பது மாதிரி.

உங்களிடம் என்ன இருக்க வேண்டும்

எலெக்ட்ரிக்கல், மெக்கட்ரானிக்ஸ், கெமிக்கல், கம்ப்யூட்டர் சயன்ஸ், அப்ளைட் மேத்ஸ் எதிலிருந்தும் வரலாம். லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, ஸ்டேட் ஸ்பேஸ் கண்ட்ரோல், கால்மன் ஃபில்டர் இவை கைப்பழக்கமாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கண்ட்ரோல் பலவீனம், எலெக்ட்ரிக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நெட்வொர்க் பலவீனம். எது உங்கள் ஓட்டை என்று பார்த்து அதை அடைத்துவிடுங்கள். மோட்பஸ், டிஎன்பி3, ஐஇசி 61850 இந்தத் தொடர்பு முறைகள் எப்படிப் பேசுகின்றன, மோட்பஸுக்கு 1979-இல் உருவானபோது அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் வழியே ஏன் இல்லை, ஐஇசி 62443 என்ற தரநிலை எதைக் கேட்கிறது என்ற அளவுக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஐரோப்பாவில் பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கேட்பார்கள். நம்முடைய நான்கு வருட பிஎஸ்சி இன்ஜினியரிங்கை வைத்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நேரடியாக முயற்சி செய்யலாம், ஆனால் என் கருத்தில் இங்கேயே ஆராய்ச்சி மாஸ்டர்ஸ் ஒன்றை முடித்துவிட்டுப் போவது நல்லது. ஒரு கட்டுரையாவது கையில் இருக்கும், நெருங்கிப் பழகிய ஒரு பேராசிரியரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். நாட்டின் மின்சார நிறுவனமான எஸ்காமிலோ முனிசிபாலிட்டியிலோ ஒரு கன்சல்டிங் நிறுவனத்திலோ வேலை பார்த்த வருடங்களை வீணான வருடங்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு. ஆலையையோ மின்வலையையோ தூரத்திலிருந்து கண்காணித்து இயக்கும் உண்மையான ஸ்காடா திரையின் முன்னால் உட்கார்ந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் மிகக் குறைவு.

கேள்வியை இங்கிருந்தே எடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. தாக்குதலைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஒரே முறையில் எழுதப்படுகின்றன: வழக்கமான நாட்களின் தரவைக் கொடுத்துப் பழக்குவார்கள், அதிலிருந்து விலகியதையெல்லாம் சந்தேகப்படச் சொல்வார்கள். வழக்கமான நாள் என்று ஒன்று இருக்கிற ஊரில் அது சரி. 2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இல்லாத நாளைத் தேட வேண்டியிருந்த நாட்டில் அந்த நிரல் என்ன செய்யும்? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, பல மாதம் ஊர் முழுக்க டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தது. அந்த மாதங்களின் அழுத்த அளவையும் தொட்டி மட்டத்தையும் அப்படிப்பட்ட நிரலிடம் கொடுத்தால், எது தாக்குதல், எது உடைந்த குழாய், எது வெறும் தண்ணீர் இல்லாமை என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியுமா? இது ஒரு முழு பிஎச்டிக்கான கேள்வி. ஸ்டாக்ஹோமில் வளர்ந்த ஒருவருக்கு இது தானாகத் தோன்றாது, உங்களுக்குத் தோன்றும்.

இன்னொரு உதாரணம். லோட் ஷெடிங் தாங்காமல் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் சோலாரும் போட்டோம். அவற்றில் நிறைய கருவிகள் இணையம் வழியாகத் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசுகின்றன. ஆயிரக்கணக்கான இன்வெர்ட்டர்களை யாராவது ஒரே நொடியில் அணைத்துப் போட்டால், ஏற்கனவே உபரி குறைவாக ஓடுகிற மின்வலையின் 50 ஹெர்ட்ஸ் எவ்வளவு சரியும், தானாகச் சுமையைக் கழற்றும் ரிலேக்கள் எந்தக் கட்டத்தில் வேலை செய்யும், எத்தனை இன்வெர்ட்டர் வரை வலை தாங்கும்? எஸ்காமில் இருக்கிறவர்களுக்கும் இது கவலை, ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கும் இது கவலை.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த அமைப்பு, எதிரிக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடியும், நீங்கள் எதைக் காக்கிறீர்கள், வெற்றி பெற்றீர்கள் என்று எப்படி அளப்பீர்கள். "செயற்கை நுண்ணறிவால் உள்கட்டமைப்பைப் பாதுகாத்தல்" என்கிற மாதிரித் தலைப்பை எந்தப் பேராசிரியரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

சின்னதாக ஒன்றைச் செய்து காட்டுங்கள்

எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது. தண்ணீர் பிடித்தால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் வெளியிடும் எபாநெட் மென்பொருளில் ஒரு குழாய் வலையை ஓட்டலாம். பாட்டடால் என்ற போட்டிக்காக வெளியிட்ட, தாக்குதல்கள் குறிக்கப்பட்ட சி-டவுன் தரவு அதற்கு நல்ல துணை. மின்சாரம் பிடித்தால் மேட்பவர் மென்பொருளில் ஐஇஇஇ 14 பஸ் என்ற மாதிரி மின்வலையை எடுத்து, மேலே சொன்ன பொய்த் தரவு ஊடுருவலை நீங்களே நடத்திப் பாருங்கள், அப்புறம் அதைப் பிடிக்க எந்த அளவீட்டைப் பாதுகாத்தால் போதும் என்று கணக்கிடுங்கள். ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியைத் தொட்டுப் பார்க்க ஓபன்பிஎல்சி இருக்கிறது. சிங்கப்பூரின் எஸ்யூடிடி பல்கலைக்கழகத்தில் ஐடிரஸ்ட் என்ற மையம், நிஜமாகவே தண்ணீர் சுத்திகரிக்கிற ஒரு சோதனைக்கூடத்தை வைத்துக்கொண்டு, அதன் தரவுகளை ஆராய்ச்சிக்காகக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறது. கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தால் போதும். குறிப்பேட்டில் எழுதி, நிரலைப் பொதுவில் வைத்து, நான்கு பக்க அறிக்கையாக்குங்கள். மதிப்பெண் பட்டியலைவிட இதைத்தான் அவர்கள் முதலில் திறப்பார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உண்மையான எந்த அமைப்பையும் தொடாதீர்கள். முனிசிபாலிட்டியின் பம்பு இணையத்தில் திறந்து கிடக்கிறது என்று தெரிந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2020 சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது, அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், அதற்கு மேல் முக்கிய உள்கட்டமைப்புக்கென்று 2019-இல் தனிச் சட்டமும் வந்தது. ஆராய்ச்சிக்காகச் செய்தேன் என்பது அங்கே பதிலாகாது, குற்றப்பதிவு உள்ளவருக்கு இந்தத் துறையில் கதவு திறக்கவும் திறக்காது.

பணம் எங்கே இருக்கிறது

உள்நாட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலர் வெளிநாட்டையே பார்த்துக்கொண்டு இதைத் தவறவிடுகிறார்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது என்ஆர்எஃப், பிஎச்டிக்கு மூன்று வருட உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்கும் வருடத்தில் வயது 32-க்கு மேல் போகக்கூடாது என்பது அதன் விதி. பெரும்பாலான இடங்கள் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். முழுச் செலவையும் ஏற்கிற வகை, பகுதிச் செலவை ஏற்கிற வகை என்று இரண்டு உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்கு உட்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் முழு வகைக்குப் பார்க்கலாம். அடுத்த வருடப் படிப்புக்கு இந்த வருடத்தின் நடுவிலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதிலும் பல்கலைக்கழகம் தனக்கென்று வைத்திருக்கும் உள் கடைசித் தேதி முன்னாலேயே வந்துவிடும். நவம்பரில் விழித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்கு ஒரு வருடம் போய்விடுகிறது. விதிகளும் தொகையும் மாறும், ஆகவே அந்தந்த வருட அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்.

எஸ்காம் 2012 முதல் இபிபிஇஐ என்ற திட்டத்தின் மூலம் பல பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ், பிஎச்டி ஆய்வுகளை நடத்துகிறது. உயர் அழுத்த நேர்மின் துறைக்கான மையம் நம் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் (யூகேஇசட்என்) வெஸ்ட்வில் வளாகத்திலேயே இருக்கிறது. கேப்டவுனில் சிபியூடி பல்கலைக்கழகத்தில் துணைமின்நிலையத் தானியக்கத்துக்கு ஒரு மையம் உண்டு, ஐஇசி 61850 பக்கம் போக நினைப்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரிட்டோரியாவில் இருக்கும் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர் முதுநிலை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, கூடவே ஆய்வகத்தில் இடமும் தருகிறது. உள்நாட்டில் செய்வதன் பெரிய நன்மை, உண்மையான தரவுக்குப் பக்கத்தில் இருப்பது. குறை, உதவித்தொகை சம்பளம் அளவுக்கு வராது, வீட்டில் தங்கிப் படித்தால்தான் கட்டுபடியாகும்.

இப்போது வெளியே. ஸ்வீடன், நெதர்லாந்து, நார்வே, டென்மார்க் நாடுகளில் பிஎச்டி மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். வேலைக்கு விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், ஒப்பந்தம், மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு, ஃபீஸ் கிடையாது. ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், உப்சாலா, டெல்ஃப்ட், ஆல்போர்க் இங்கெல்லாம் கண்ட்ரோல் துறைகள் வலுவானவை; கேடிஹெச் இந்தப் பாதுகாப்புக் கேள்விகளின் முன்னோடிகளில் ஒன்று. ஸ்வீடனில் நான்கு வருட ஆய்வோடு கொஞ்சம் கற்பித்தலும் சேர்ந்து ஐந்து வருடமாகும். விளம்பரம் எந்த மாதத்திலும் வரலாம் என்பதால் யூராக்ஸெஸ் தளத்திலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வேலைப் பக்கத்திலும் வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள்.

சைப்ரஸின் நிகோசியாவில் கியோஸ் என்ற மையம் இருக்கிறது. மின்வலை, தண்ணீர், போக்குவரத்து, தொலைத்தொடர்பு இவற்றைக் கண்காணிப்பதும் காப்பதும்தான் அதன் முழு வேலையே. நம்மில் யாரும் இதன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் அதிகமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்ளோடோவ்ஸ்கா க்யூரி முனைவர் வலையமைப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். நிபந்தனை ஒன்று: பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. டர்பனிலேயே இருந்தவர்களுக்கு இது தடையே இல்லை, சாதகம். 2021-22 திட்டத்தில் வாழ்க்கைச் செலவுப் படி மாதம் 3,400 யூரோ, இடம்பெயர்வுப் படி 600 யூரோ என்று வைத்திருந்தார்கள். ஆனால் அந்த 3,400 நாட்டுக்கு நாடு ஏற்ற இறக்கத்தோடு மாறும், முதலாளி கட்ட வேண்டிய பங்கும் வரியும் போகத்தான் கைக்கு வரும். வீட்டில் கணக்குச் சொல்லும்போது அந்தப் பெரிய எண்ணைச் சொல்லாதீர்கள்.

பிரிட்டனில் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான யூகேஆர்ஐயின் நிதி 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது, ஒரு சேர்க்கைக் குழுவில் 30 சதவீத இடங்கள் வரை. குறைந்தபட்ச உதவித்தொகை 2025-26-க்கு ஆண்டுக்கு 20,780 பவுண்டு. வெளிநாட்டவருக்கான ஃபீஸ் வித்தியாசத்தை யார் ஏற்கிறார்கள், விசாவும் சுகாதாரக் கட்டணமும் யார் தலையில் என்று துறையிடம் எழுத்தில் கேளுங்கள். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு இந்த மாதிரித் தலைப்புகளில் ஏடாஸ் என்ற பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழ் தேவைப்படலாம்; கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும், விசாவுக்கு முன்னால் வாங்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரோட்ஸ் உதவித்தொகையில் குவாசூலு-நடாலுக்கென்று தனி இடம் உண்டு, கேம்பிரிட்ஜுக்கு கேட்ஸ் உண்டு, இரண்டிலும் போட்டி கடுமை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையைப் பிஎச்டிக்கென்று நினைத்து வருகிறார்கள்; அது ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு. மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகையும் ஹானர்ஸ், மாஸ்டர்ஸ் வரைதான்.

சிங்கப்பூர் நமக்குப் பொருத்தமான இடம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சிங்கா என்ற விருது நான்கு வருடம் ஃபீஸையும் மாத உதவித்தொகையையும் தருகிறது, என்டியூ, என்யூஎஸ், எஸ்யூடிடி மூன்றிலும் சேரலாம். அந்த ஐடிரஸ்ட் சோதனைக்கூடம் அங்கேதான். கூடவே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கிற ஊர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவும் வழி உண்டு. தனியாகப் போகிற பிள்ளைக்கும் அனுப்பிவைக்கிற அம்மாவுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் பேராசிரியரின் திட்ட நிதியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்வதுதான் வழி, டிசம்பரில் கடைசித் தேதிகள், ஐந்து வருடம் எடுக்கும்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது பயனற்றது, அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் கடைசி இரண்டு மூன்று வருடக் கட்டுரைகளில் ஒன்றையாவது முழுசாகப் படியுங்கள். அதற்கப்புறம் எழுதுங்கள், ஆங்கிலத்தில்தான், ஆனால் சாரம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் பேராசிரியர் அவர்களே. நான் டர்பனில் மின்பொறியியல் மாஸ்டர்ஸ் முடிக்கிறேன். தண்ணீர் வலைகளில் தாக்குதலைக் கண்டுபிடிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், பழக்கும் தரவு வழக்கமான நாட்களைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எங்கள் ஊரில் விநியோகம் அடிக்கடி நிற்கும். அந்தச் சூழலை எபாநெட்டில் அமைத்து ஒரு கண்டுபிடிப்பானை ஓட்டியபோது தவறான எச்சரிக்கைகள் மிக அதிகமாக வந்தன. நான்கு பக்க அறிக்கையை இணைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை முனைவர் ஆய்வாகத் தொடர விரும்புகிறேன். உங்கள் குழுவில் அடுத்த வருடம் நிதியுள்ள இடம் வருமா?"

இவ்வளவுதான். சிறுவயதிலிருந்தே அறிவியல் ஆர்வம் என்பதெல்லாம் வேண்டாம். நிதி பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெரியவர்களிடம் பணப்பேச்சு எடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்தார்கள், ஆனால் அங்கே அது வேலைக்குச் சேர்கிறவர் சம்பளம் கேட்பதற்குச் சமம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பதில் வந்தால் அந்தக் குழுவின் இப்போதைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். வழிகாட்டி வாரத்துக்கு எத்தனை முறை சந்திக்கிறார், முன்னால் இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், யாராவது பாதியில் போனார்களா, ஏன் போனார்கள். இந்த உரையாடலை நான் எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட நம்புவேன்.

விண்ணப்பமும் நேர்முகமும்

பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களிடம் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள், அவர்களுக்கு உங்கள் ஒரு பக்கக் கேள்வியையும் அறிக்கையையும் கொடுங்கள். உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த விரிவுரையாளரின் கடிதம், பெயர் பெரிதாக இருந்தும் உங்களைத் தெரியாத துறைத்தலைவரின் கடிதத்தைவிட மதிப்பு. ஆங்கிலத் தேர்வு கேட்பார்களா என்று முன்கூட்டியே பாருங்கள். நம் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்றாலும், ஆங்கிலத் தேர்வு தேவையில்லாத நாடுகள் என்று அவர்கள் வைத்திருக்கும் சில பட்டியல்களில் தென்னாப்பிரிக்கா இல்லை, ஆங்கிலத்தில் படித்ததாகப் பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு சான்று வாங்கினால் பல இடங்களில் போதும்.

நேர்முகத்தில் உங்கள் அறிக்கையை வைத்துத்தான் குடைவார்கள். எதிரிக்கு எவ்வளவு தெரியும் என்று ஏன் அப்படி எடுத்துக்கொண்டீர்கள்? சென்சார் தானாகப் பழுதாவதற்கும் தாக்குதலுக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் முறை எப்போது தோற்கும்? கடைசிக் கேள்விக்கு நேர்மையான, குறிப்பான பதில் வைத்திருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தொடர்கிறவரைத்தான் எடுப்பார்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

கடிதம் வந்தவுடன் வீட்டில் கேசரி கிளறிவிடுவார்கள், அது இருக்கட்டும், நீங்கள் தாளைப் படியுங்கள். நிதி எத்தனை மாதத்துக்கு, பட்டம் எத்தனை மாதத்துக்கு? மூன்று வருட நிதியும் நான்கு வருடப் பட்டமும் என்றால் நான்காவது வருடம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். அது சம்பளமா உதவித்தொகையா, வரி உண்டா, நோய் விடுப்பும் மகப்பேறு விடுப்பும் உண்டா? ஒரு நிறுவனம் பணம் போட்டால், கண்டுபிடிப்பை வெளியிட எவ்வளவு காலம் தடுத்து வைக்கலாம் என்று பாருங்கள்; இந்தத் துறையில் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்துவது நடக்கும், ஆய்வேட்டில் ஒரு பகுதியை மூடிவைப்பது சரி, எதையுமே வெளியிட முடியாது என்றால் அது உங்கள் எதிர்காலத்தைப் பாதிக்கும். பயணச் செலவு, முதல் மாத வாடகை, முன்பணம் இவற்றுக்கு ராண்டில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள், ஏனென்றால் முதல் சம்பளம் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் வரும். குடும்பம் உதவ வேண்டிய இடம் அது ஒன்றுதான், அதையும் கடனாகக் கேட்டு, எப்போது திருப்பித் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

என்ஆர்எஃப் பணம் வாங்கியிருந்தால் அதன் நிபந்தனைகளையும், எஸ்காம் மாதிரி நிறுவனம் படிக்கவைத்திருந்தால் திரும்பி வேலை செய்யும் கடமையையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கும் பட்டத்தை இங்கே அரசு வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ காட்டும்போது தகுதிகளை மதிப்பிடும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாக்வாவின் மதிப்பீடு கேட்பார்கள். அதற்குத் தேவையான மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றையும் அங்கே இருக்கும்போதே வாங்கி, முத்திரையோடு இரண்டு படி வைத்துக்கொண்டு வாருங்கள்.